வட சென்னையில் எங்கே போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்து, பிழைப்புக்காக வெளியூரில் குடியேறியவன் நான். சென்னைக்குப் போகும் நண்பர்களும் அலுவலகத் தோழர்களும், மெரினாவையும் மயிலாப்பூரையும் பார்த்து முடித்த பிறகு, "உங்கள் பக்கம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பது வழக்கம். அப்படிக் கேட்கப்பட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறேன். எல்லா இடங்களையும் அடக்கும் பட்டியலாக இதைக் கொள்ள வேண்டாம். எனக்குப் பிடித்த இடங்கள் மட்டுமே இதில் உள்ளன.

வட சென்னை என்று எந்தப் பகுதியைச் சொல்கிறீர்கள்?

பாரிமுனையில் தொடங்கி, கடலோரமாக ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை ஒரு கை. மேற்கே வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் வரை இன்னொரு கை. தேர்தல் கணக்கில் துறைமுகம் தொகுதி மத்திய சென்னையைச் சேர்ந்தது என்று சிலர் திருத்துவார்கள். அது சரிதான், ஆனால் தங்கசாலையில் கடை வைத்திருப்பவரும் ராயபுரத்தில் வீடு வைத்திருப்பவரும் தங்களை ஒரே ஊர்க்காரர்களாகவே எண்ணுகிறார்கள் என்பதால், தங்கசாலை அடங்கிய ஜார்ஜ் டவுனையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் முழுக்க ஒதுக்கினால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா?

முடியாது, முயலவும் வேண்டாம். இங்குள்ள இடங்களில் பெரும்பாலானவை வேடிக்கை பார்ப்பதற்காக அமைக்கப்பட்டவை அல்ல, வேலை நடக்கும் இடங்கள். ஆகவே ஒவ்வொன்றுக்கும் உரிய நேரமும் கிழமையும் உண்டு. காசிமேட்டைப் பிற்பகலில் பார்த்தவரும் கோடவுன் தெருவை ஞாயிற்றுக்கிழமை பார்த்தவரும் அவற்றைப் பார்த்ததாகவே நான் ஒப்புக்கொள்வதில்லை. விடியற்காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம் என்று இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, நடுப்பகலில் எங்காவது நிழலில் இருந்துவிடுங்கள்.

ஒரே ஒரு காலைப் பொழுதுதான் கையில் இருக்கிறது என்றால்?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள். விடியலுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. முதல் மெட்ரோ ஓடத் தொடங்குவதற்கு முன்பே ஏலம் சூடுபிடித்துவிடும் என்பதால், ஆட்டோவோ காரோ ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

கரைக்கு வந்த விசைப்படகுகளிலிருந்து மீன் கூடை கூடையாக இறங்கும். இறங்கிய இடத்திலேயே ஏலம் நடக்கும். ஏலம் கூறுபவரின் குரல் வேகத்துக்கு எண்கள் நமக்குப் பிடிபடாது. வாங்குபவர்களோ தலையை அசைத்தும் விரலைக் காட்டியும் காரியத்தை முடித்துவிடுவார்கள். மொத்த வியாபாரிகள் ஒதுங்கிய பிறகு, சில்லறைக்கு வாங்குபவர்களின் நேரம் வரும். வஞ்சிரமும் வவ்வாலும் எடைக்கு விற்கப்படும். சங்கரா, கானாங்கத்தை, நெத்திலி போன்றவற்றைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். விற்கும் பெண்களிடம் "அக்கா" என்று தொடங்கி விலை பேசினால், பேச்சு இனிமையாகவே நடக்கும். ஆனால் பேரம் பேசிவிட்டு வாங்காமல் நகர்ந்தால் கிடைக்கும் வசவு, கேட்டவர் ஆயுளுக்கும் மறக்காது.

செவுள் சிவப்பாகவும் கண் தெளிந்து புடைத்தும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கிய மீனைச் சுத்தம் செய்து வெட்டித் தருவதற்குக் கத்தியோடும் அரிவாள்மனையோடும் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தனியாகக் கூலி தர வேண்டும். வறுவலுக்கா குழம்புக்கா என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அதற்கேற்றபடி துண்டு போட்டுத் தருவார்கள். அந்த வேகத்தில் ஒரு பெரிய வஞ்சிரத்தைச் சீராகத் துண்டு போடுவதைப் பார்க்கவே நான் போவதுண்டு. நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள். தரை முழுவதும் மீன் கழுவிய தண்ணீரும் உருகிய பனிக்கட்டியும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் நெரியும் என்பதால், கூட்டமும் ஒரு காட்சிதான் என்று எண்ணுபவர்கள் மட்டும் அன்று போகலாம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தால் ஏமாற்றமாக இருக்குமா?

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனப்பெருக்கத்துக்காக விதிக்கப்பட்ட தடை இது. அந்த நாட்களில் சிறிய நாட்டுப் படகுகள் கொண்டுவரும் மீன்தான் இருக்கும்; விலையும் ஏறியிருக்கும். ஆனால் வலை பின்னுவதையும் படகுகளைப் பழுதுபார்த்து வண்ணம் பூசுவதையும் நிதானமாகப் பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை. மீன் வாங்குவது நோக்கம் என்றால் ஜூன் கடைசியில் வாருங்கள்.

ராயபுரம் ரயில் நிலையம் அவ்வளவு முக்கியமானதா?

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை சென்றது. பம்பாயிலும் தானேயிலும் அதற்கு முன்பே ரயில் ஓடிவிட்டது. ஆனால் அங்கிருந்த முதல் நிலையக் கட்டடங்கள் இப்போது இல்லை. எனவே, இந்தியாவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது ராயபுரத்தினுடையதுதான். 1873இல் சென்ட்ரல் நிலையம் வந்த பிறகு இதன் செல்வாக்கு மெல்லக் குறைந்தது. இப்போது புறநகர் மின்ரயில்கள் சில நின்று போகும் சிறிய நிலையம் இது. உயரமான தூண்களைக் கொண்ட முகப்பு மட்டும் பழைய மிடுக்கோடு நிற்கிறது. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து ரயிலேறி அடுத்த நிறுத்தத்தில் இறங்குங்கள். ரயில் நிலையத்தைப் பார்க்க ஆட்டோவில் போவதில் என்ன அழகு இருக்கிறது?

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இன்னும் இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று, ராபின்சன் பூங்கா என்று பெரியவர்களும் அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர்ப்பலகையும் சொல்லும் பூங்கா. திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் இங்கேதான் நடந்தது. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், தமிழ்நாட்டின் அரசியல் திசை மாறிய இடம் இது என்பதை மறுக்க முடியாது. மற்றொன்று, பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள மாடிப் பூங்கா. பிரெஞ்சுப் படையின் முற்றுகையும் ஹைதர் அலியின் படையெடுப்பும் தந்த அச்சத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் அன்றைய கறுப்பர் நகரை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். அந்த மதிலின் எஞ்சிய பகுதிக்கு மேலேதான் இந்தப் பூங்கா அமைந்திருக்கிறது. மதிலின் இன்னொரு நினைவு, வால்டாக்ஸ் (மதில் வரி) சாலை என்ற பெயரில் இருக்கிறது. பூங்காவின் பராமரிப்பைப் பற்றி அதிகம் எதிர்பார்க்காமல் போனால் மனம் நோகாது.

ஜார்ஜ் டவுனில் எந்தத் தெருவிலிருந்து தொடங்குவது?

எதை வாங்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. திருமண அழைப்பிதழுக்கும் காகிதத்துக்கும் ஆண்டர்சன் தெரு, மொத்தத் துணிக்குக் கோடவுன் தெரு, வேதிப்பொருட்களுக்கு நயினியப்ப நாயக்கன் தெரு, நாட்டு மருந்துக்கு ராசப்ப செட்டித் தெரு என்று ஒவ்வொரு தெருவும் ஒரு சரக்கைத் தனதாக்கிக்கொண்டது. மூக்கை வைத்தே தெருவைச் சொல்லிவிடலாம். முற்பகல் 11 மணி முதல் வியாபாரம் உச்சத்தில் இருக்கும். தள்ளுவண்டிக்காரர் "ஓரம், ஓரம்" என்று குரல் கொடுத்தால், யோசிக்காமல் ஒதுங்கிவிட வேண்டும்.

வாங்குவதற்கு ஒன்றும் இல்லாதவர்கள், கோயிலிலிருந்து கோயிலுக்கு நடப்பதையே வழியாக வைத்துக்கொள்ளலாம். பூக்கடைக்கு அருகே சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீசுவரரும் அடுத்தடுத்துக் கோயில் கொண்டிருக்கிறார்கள். இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பகுதியில் இருந்த பழைய கோயில், கோட்டையின் பாதுகாப்புக்காக இடிக்கப்பட்ட பிறகு, 18ஆம் நூற்றாண்டில் இங்கே எழுப்பப்பட்டவை இவை. ராசப்ப செட்டித் தெருவில் உள்ள கந்தகோட்டம், வள்ளலார் இளம் வயதில் தெய்வமணிமாலை பாடிய தலம். அவர் வளர்ந்த வீடு ஏழுகிணறு வீராசாமி தெருவில் இன்றும் இருக்கிறது. கந்தகோட்டத்துக்குப் போனவர்களில் பாதிப் பேருக்கு, நடந்தே போகும் தூரத்தில் அந்த வீடு இருப்பது தெரிவதில்லை. ஏழுகிணறு என்பதும் வெறும் பெயரன்று. 1772இல் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி கோட்டைக்குக் குடிநீர் கொண்டுபோன கிணறுகள் அங்கே இருந்தன.

தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில் இருக்கிறது. மராட்டிய மன்னர் சிவாஜி 1677இல் இங்கே வந்து வழிபட்டதாகக் கோயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாரதியாரும் வந்து வணங்கிய சன்னதி என்பார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் உள்ளே நுழைய நேரமாகும்.

அரண்மனைக்காரத் தெருவை விட்டுவிடாதீர்கள். அங்குள்ள ஆர்மீனியத் தேவாலயம், இன்றைய வடிவில் 1772இல் கட்டப்பட்டது. வழிபட ஆர்மீனியர் குடும்பங்கள் இல்லாமல் போனாலும், மரங்களும் கல்லறைக் கற்களும் சூழ்ந்த முற்றம் பராமரிக்கப்பட்டு வருகிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான "அஸ்தரார்" 1794இல் சென்னையிலிருந்துதான் வெளிவந்தது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியன் இந்த முற்றத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் உள்ளன. பிற்பகலில் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதால் முற்பகலிலேயே போய்விடுங்கள். அதே தெருவில் உள்ள அந்தோணியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தாரும் வரிசையில் நிற்பார்கள்; எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை காளிகாம்பாளுக்கும் செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கும் தவறாமல் போகும் பெண்கள் பலர் உண்டு.

சாப்பாட்டுக்கு எங்கே போவது?

மாலை 5 மணிக்குப் பிறகு கேளுங்கள். சௌகார்பேட்டையில் தங்கசாலைத் தெருவை ஒட்டிய கடைகளில், குஜராத்திகளும் மார்வாரிகளும் கொண்டுவந்த வட இந்தியப் பலகாரமும் நம் ஊர்ப் பண்டமும் கலந்துவிட்டன. அந்தக் கலப்பில் பிறந்ததுதான் முறுக்கு சாண்ட்விச்: ரொட்டிக்குப் பதிலாக இரண்டு முறுக்குகள், நடுவே வெள்ளரி, தக்காளி, சட்னி. கேட்பதற்கு விளையாட்டாகத் தோன்றும். முறுக்கு ஊறுவதற்குள் தின்றுவிட்டால் தேவாமிர்தம். காகடா ராம்பிரசாத் கடையில் சூடான ஜிலேபியும், என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடையில் நெய்யும் பொடியும் குளிக்கும் குட்டி இட்லியும் ஊத்தப்பமும் சாப்பிட்டால், இரவுச் சாப்பாட்டை மறந்துவிடலாம்.

அசைவக்காரர்களும் புதுமை விரும்பிகளும் பர்மா பஜாருக்குப் பின்னால் போங்கள். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பின், தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி இங்கே வந்தார்கள். அவர்கள் பிழைக்கத் தொடங்கிய கடைவரிசைதான் பர்மா பஜார். அவர்கள் கையோடு கொண்டுவந்த ருசிதான் அத்தோ. கெட்டியான நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளிக்கரைசல், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கடைக்காரர் கையாலேயே பிசைந்து தருவார்; கூடவே வாழைத்தண்டு போட்ட சூப் வரும். அவித்த முட்டையைக் கீறி, வெங்காயமும் பூண்டும் திணித்துத் தருவதையும் கேட்டு வாங்குங்கள். வியாசர்பாடியிலும் பர்மாவிலிருந்து வந்தவர்களின் குடியிருப்பு உண்டு. அங்கும் அத்தோ கிடைக்கும், கூட்டம் கொஞ்சம் குறைவு.

ஆடி மாதத்தில் வந்தால் எந்தக் கடையும் தேவையில்லை. தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பார்கள். பாத்திரத்தோடு போய் நின்றால் யாரும் ஊர் கேட்க மாட்டார்கள்.

திருவொற்றியூருக்கு எதற்காகப் போக வேண்டும்?

வட சென்னையில் ஓர் இடத்தை மட்டும் காட்டச் சொன்னால், காசிமேட்டுக்கும் இதற்கும் இடையில்தான் நான் திண்டாடுவேன். தியாகராஜ சுவாமி கோயில், தேவாரம் பாடிய மூவராலும் பாடப்பெற்ற தலம். கருவறையில் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டுமே கவசம் இல்லாத தரிசனம். அந்த மூன்று நாட்களும் தேரடியிலிருந்தே வரிசை நிற்கும்.

சுந்தரர் சங்கிலியாரை மணந்த கதை இந்தக் கோயிலில்தான் நடக்கிறது. "உன்னைப் பிரியேன்" என்று சன்னதியில் சத்தியம் செய்ய வேண்டிவரும் என்று அறிந்த சுந்தரர், அந்த நேரத்தில் இறைவனை மகிழ மரத்தடிக்குப் போய் இருக்கச் சொல்கிறார். இறைவனோ சங்கிலியாரின் பக்கம் சேர்ந்து, மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கும்படி அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார். நண்பனுக்காகத் தூது நடந்த கடவுள், பெண்ணின் பாதுகாப்பு என்று வந்தபோது நண்பனைக் கைவிட்டார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த திருப்பம். சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டிய சுந்தரர் கண் பார்வையை இழந்தார். மகிழ மரம் பிரகாரத்தில் இருக்கிறது; மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது.

வடிவுடையம்மன் மீது வள்ளலார் மாலை பாடினார். கர்நாடக இசை மேதை தியாகராஜர் இங்கே வந்து அம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வரும் நாட்களில், மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் ஆகிய மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கக் குடும்பங்கள் வண்டி பிடித்துக் கிளம்பும். அந்தக் கூட்டம் வேண்டாதவர்கள் சாதாரண நாளில் மாலை 4 மணிக்கு மேல் போய், பிறகு கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதிக்கும் போய்வரலாம்.

மெட்ரோவில் போவது இப்போது மிகவும் எளிது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கோயிலுக்குத் திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்க வேண்டும். நாங்கள் பேருந்தில் தொங்கிக்கொண்டு போன தூரம், இப்போது குளிர்சாதனப் பெட்டியில் உட்கார்ந்தபடியே கடந்துவிடுகிறது.

கடலில் குளிக்கலாமா?

கூடாது. காசிமேட்டுக்கு வடக்கே பெரும்பகுதி, கடல் அரிப்பைத் தடுக்கப் பாறைகள் கொட்டப்பட்ட கரை. துறைமுகம் கட்டப்பட்ட பிறகு மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே கரை கரைந்தது. மெரினாவைப் புகழும்போது அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் நினைத்துக்கொள்வது நியாயம்.

எண்ணூர் பார்க்கத் தகுந்த இடமா?

ஆம், ஆனால் உல்லாசத்துக்காக அல்ல. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் நின்றால், ஒரு பக்கம் மீனவக் குப்பங்களும் ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களும், மறுபக்கம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் தெரியும். சாம்பல் படிவதைப் பற்றிய புகார் நெடுங்காலமாக உள்ளது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகத்தில் பரவியபோது, படகும் வலையும் பறவையும் ஒன்றாகக் கறுத்தன. சென்னையின் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று தன் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் பெற்றோர் அழைத்துப் போகலாம்.

பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் வேறு உண்டா?

ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை வளாகத்தை ஒட்டிய ரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் உள்ளன. கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்பதும் விற்பதும் பெருந்தொழில். தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே தெருத்தெருவாக நடக்கலாம், ஆனால் வெறுங்கையோடு வீடு திரும்ப முடியாது. விளையாட்டில் ஆர்வம் உள்ள பிள்ளை என்றால், மாலையில் வியாசர்பாடிப் பக்கம் கால்பந்து ஆடும் மைதானங்களைக் காட்டுங்கள். கேரம் இங்கே தெருவிலேயே பழகும் ஆட்டம். 2008இல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் வட சென்னைப் பெண்தான்.

பாதுகாப்பான பகுதிதானா? திரைப்படங்களில் வேறு மாதிரி காட்டுகிறார்களே?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. கேட்கும்போது குரலைத் தாழ்த்தாதவரும் இல்லை. பெருநகரத்தின் எந்தப் பகுதியிலும் எடுக்கும் எச்சரிக்கை இங்கும் போதும்: கூட்டத்தில் கைப்பேசியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நள்ளிரவில் தெரியாத சந்துகளில் சுற்றாதீர்கள். கத்தியும் அரிவாளும்தான் வட சென்னை என்று நம்பி வருபவர்களுக்கு நான் பெரம்பூரைக் காட்டுவேன். பின்னி ஆலை என்று ஊர் அழைத்த பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு, 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் போன்றோர் முன்னின்று நடத்திய அந்தச் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. உழைப்பவனுக்கு உரிமை உண்டு என்று கூடிக் கேட்ட ஊரை, அடிதடிக்கு மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது சரியான கணக்கு ஆகாது. அந்த ஆலை 1990களில் மூடப்பட்டுவிட்டது.

ஒரு வேண்டுகோள் உண்டு. குப்பங்களிலும் குடியிருப்புகளிலும் அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது பாதுகாப்பைப் பற்றியதன்று. பிறர் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்ற மரியாதையைப் பற்றியது.

தீபாவளிக்குத் துணி எடுக்கத் தியாகராய நகருக்குப் போவதா, உங்கள் பக்கம் வருவதா?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு வாருங்கள். விலையில் வித்தியாசம் தெரியும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் தெருவுக்குள் வண்டியை நினைக்கவே முடியாது; தியாகராயர் கல்லூரி மெட்ரோ நிலையத்திலோ வண்ணாரப்பேட்டை நிலையத்திலோ இறங்கி நடங்கள். கிழமை நாட்களில் காலையிலேயே வந்துவிட்டால் கடைக்காரருக்கும் எடுத்துக் காட்டப் பொறுமை இருக்கும். போணி நேரம் என்பதால் விலையும் கொஞ்சம் இறங்கும்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் பழவேற்காட்டுக்குப் போகலாமா?

நகர எல்லைக்கு வெளியே, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள ஊர் அது என்றாலும், போகலாம். கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் பொன்னேரி வரை போய், அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில், வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. குளிர்காலத்தில் ஏரியில் பூநாரைகள் வரும். படகுச் சவாரிக்கு மட்டும் ஆசைப்பட வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் நாளில் படகு கவிழ்ந்து பலர் இறந்த ஏரி அது. மதியச் சாப்பாட்டுக்கு நண்டு கிடைக்கிறதா என்று ஊருக்குள் நுழைந்தவுடன் விசாரித்து வைத்துவிடுங்கள். திரும்பி வரும் பேருந்தின் நேரத்தையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.